மதிலுடைச்சானின் பெருவிரல்கள்

நான் ஒரு அமெரிக்கச் சண்டைப்பட நடிகரின் மூக்கை உடைத்திருக்கிறேன். கத்தி, துப்பாக்கி, ஹெலிகொப்டர் சகிதம் வந்த வில்லன்கள் ஒருவராலும் முடியாமற்போன காரியம் அது. எனக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி போதுமாக இருந்தது. (சண்டை பிடித்து அல்ல. கரப்பானைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்கிற ஆள் நான்.)

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதும் இல்லை. வன்னியில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மதிலுடைச்சான். உலகத்தில் கதவு என்று ஒரு பொருள் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. காதலி வீட்டுக்குப் போனாலும் சரி, கடைக்குப் பால் வாங்கப் போனாலும் சரி, சுவரை உடைத்துக்கொண்டுதான் போவார். ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலாக, சென்னையில் யாரோ ஒருவர் அவருக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருப்பார். கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோன்ற குரல். படம் முடிகிற நேரத்தில் அவர் சுடப்பட்டு விழுவார். வில்லன் சிரிப்பான். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருக்கிற சின்னதுகள் நாங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். தூசிக்குள்ளிருந்து ஒரு கை எழும்பும்.

“நான் இன்னும் சாகலடா!”

போரில் இடம்பெயர்ந்து தரப்பாள் விரித்த கொட்டிலில் இருந்த நாட்களில்கூட, அவர் வந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போவார் என்று படுக்கையில் கனவு கண்டிருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல், அங்கே அவருக்கு உடைக்க மதில் இருக்கவில்லை.

பிறகு அப்பா பலெர்மோவுக்கு வந்தார், சில வருடம் கழித்து எங்களையும் கூப்பிட்டார். இத்தாலியில் எல்லா வெளிநாட்டுப் படத்துக்கும் இத்தாலியக் குரல் போட்டுவிடுவார்கள். தொலைக்காட்சியில் அதே மதிலுடைச்சான், ஒலிவ் எண்ணெயில் ஊறிய குரலில் பேசினார். சென்னைக் குரல் அடிக்கிற குரல் என்றால், இது அடித்துவிட்டு மருந்து பூசுகிற குரல். நான் இரண்டு குரலையும் காதலித்தேன்.

பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த காலம். (வீட்டில் அப்படித்தான் சொல்லப்பட்டது.) ஒருநாள் பொலிதேயாமா சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ஒரு சுவரொட்டி. அவருடைய முகம். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன அரங்கில் அவர் மேடை நாடகம் நடிக்கப்போகிறாராம். அடியில் சின்ன எழுத்தில், நாடகத்துக்குக் ‘கொம்பார்சா’க்கள் தேவை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விரும்பப்படுவர் என்றிருந்தது. கொம்பார்சா என்றால் பேசாமல் நிற்கிற துணை நடிகர்கள். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. நான் தரையில் இருந்து அரை அடி மேலே நின்றுகொண்டிருந்தேன்.

“எடி, அந்த மதிலுடைச்சானோ? மனுசன் உயிரோடையே இருக்கிறார்?” என்றா அம்மா.

“ஓம் அம்மா. நாடகம் நடிக்க வாறார். நானும் நடிக்கப் போறன்.”

“நீ நடிக்கிறதை நான் நெடுகப் பாக்கிறன். படிக்கிறன் எண்டு அறைக்குள்ளை இருந்து நடிக்கிறாய்தானே.”

அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. அவருக்கு எந்தக் கதையும் கடைசியில் கணவாயில்தான் வந்து நிற்கும்.

“பிள்ளை, எங்கடை கடைக்குக் கோடை காலத்துக்கு ஆள் தேவையாம். வந்து கணவாய் கழுவினாலும் ஏதோ கையிலை வரும். நாடகத்திலை என்ன வரும்?”

“பேர் வரும் அப்பா.”

“அதைப் பொரிக்கேலுமோ?”

தேர்வுக்குப் போனேன். இயக்குநர் லோரேதானா என்ற பெண். கறுப்பு உடுப்பு, கழுத்தைச் சுற்றிக் கறுப்புச் சால்வை, கண்ணில் எந்நேரமும் ஒரு ஈரம்.

“கடல் வழியாக வந்தாயா?” என்று ஆசையோடு கேட்டார்.

“இல்லை. விமானத்தில். ரோமில் மாறி வந்தோம்.”

அவருடைய முகம் வாடிவிட்டது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். “கடலில் வந்தவள்போல நிற்க முடியுமா?” என்றார். தலைமயிரை முகத்தில் விழவிட்டு, பசியோடு தூரத்தைப் பார்த்தேன். (உண்மையிலேயே பசி. மத்தியானம் இரண்டு மணி.) எடுத்துக்கொண்டார்கள். என்னோடு ஒரு கானா நாட்டு அக்கா, சில வங்காளதேசத்துக்காரர்கள், முருகன் படத்தைப் பணப்பையில் வைத்திருந்தும் தமிழ் பேசத் தெரியாத ஒரு மொரீசியஸ் அண்ணா. எல்லோரும் விமானத்தில் வந்தவர்கள். கடலில் வந்தவர்கள்போல எல்லோருமாக ஈரமாக நின்றோம்.

அவரை முதன்முதலாகப் பார்த்தது அரங்கின் பின்வாசலில். கவிழ்த்துவைத்த மீன் பெட்டியில் இருந்து, இரண்டு முழங்காலிலும் ஐஸ் பை கட்டிக்கொண்டு, தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். திரையில் பார்த்ததில் பாதி உயரம். பக்கத்தில் வாசல் திறந்தே கிடந்தது. அவர் அதன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பதை என்னால் நம்பமுடியவில்லை.

வாயைத் திறந்தார். தடிமன் பிடித்து மூக்கடைத்த பையன் ஒருவனின் மெல்லிய கீச்சுக் குரல். மூன்று குரல்களிலும் ஆக மோசமானது அவருடைய சொந்தக் குரல்தான்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்தார். (அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் என்ன செய்தாலும் என் நினைவில் அது அந்தச் சென்னைக் குரலில்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.)

“இத்தாலிக்கு வந்து நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் இப்படித்தாம்மா பாப்பாங்க. அதான் இந்த நாடகத்துல எனக்கு வசனமே இல்ல. உக்காந்திருக்கேன். தோடம்பழம் உரிக்கிறேன். சாகிறேன். அவ்வளவுதான்.” (சென்னைக்காரர் ‘ஆரஞ்சு’ என்றிருப்பார். பழம் மட்டும் எங்களூர்ப் பழமாக வந்துவிட்டது.)

“அதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?”

அவர் எனக்கும் ஒரு சுளை தந்து தன் கதையைச் சொன்னார். பள்ளிக்கூட நாடகத்தில் அவருடைய முதல் வேடமே பிணம். குதிரை வண்டியில் அடிபட்டுச் செத்த ஒருவனாக மேடையில் நெடுநேரம் கிடந்தாராம். ஊர் மண்டபம் மூச்சுவிடவில்லை. அவருடைய தாய் அழுதுவிட்டார். அதன்பிறகுதான் நடிகனாக வேண்டும் என்று நகரத்துக்குப் போனது. அங்கே மேடையில் ஏற்றவில்லை, படப்பிடிப்புக்குச் சுவர் தூக்குகிற வேலைதான் கொடுத்தார்கள். ஒருநாள் படப்பிடிப்பில் ஒரு சுவர் அவர் மேலேயே விழ, அதைத் துளைத்துக்கொண்டு தலையைத் தட்டியபடி வெளியே நடந்து வந்திருக்கிறார். எல்லோரும் விசிலடித்தார்கள். அன்றிலிருந்து மதில்தான்.

“ஒரு படத்துலயாவது என்னை சாக விடுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். ஒரே ஒரு படத்துல சாகடிச்சாங்க. ரெண்டாம் பாகத்துல எழுப்பிட்டாங்க. இப்போ முட்டி போயிடுச்சு, படமும் போயிடுச்சு. எனக்கு ஒரு ஆசை மட்டும் மிச்சம். ஒரே ஒரு தடவை நான் செத்துக் கிடக்கணும். யாரும் விசிலடிக்காம, கைதட்டாம, அந்த மண்டபம் மாதிரி சும்மா பாக்கணும்.”

அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது, தெருவிளக்குகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் எரிவதுபோல இருந்தன. இந்த மனிதருக்கு அவருடைய சாவை நான்தான் பெற்றுக்கொடுப்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். (கேட்க நன்றாக இல்லை. ஆனால் எண்ணம் தங்கமானது.)

ஒத்திகையில் கடைசிக் காட்சி. அவர் நடிக்கிற கிழவர் கதிரையிலேயே செத்துப்போகிறார். கடலில் வந்த நாங்கள் அவரைத் தூக்கி ஒரு நீள வாங்கிலில் கிடத்துகிறோம். பின்னால் அவருடைய வீட்டுச் சுவர், ரெஜிபோமில் செய்து வெள்ளையடித்தது. புதுத் தொலைக்காட்சி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதே வெள்ளைச் சாமான்தான். லோரேதானா சால்வையைக் கசக்கிக்கொண்டு, “உங்கள் ஊரில் இறந்தவருக்கு என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள்” என்றார்.

கானா அக்கா கண்களை மூடிவிட்டார். மொரீசியஸ் அண்ணா தலைமாட்டில் விளக்கு வைத்தார். நான் முந்திக்கொண்டு போய், உடுப்புப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து, அவருடைய வெறுங்காலின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன்.

லோரேதானாவின் கண்ணிலிருந்து அந்த ஈரம் கடைசியாக வழிந்தேவிட்டது. “பெல்லிஸ்ஸிமோ!” என்றார், பேரழகு என்று.

உயிரோடு இருக்கிறவருக்குக் கால்விரலைக் கட்டுவது எங்கள் ஆட்கள் கனவிலும் செய்யாத காரியம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் கலை என்று வந்தபிறகு சகுனம் பார்ப்பதா என்று நானே என்னைக் கேட்டு, நானே பார்க்கத் தேவையில்லை என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். போட்டது உருவுமுடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் பூப்போல அவிழும். மற்ற நுனியை இழுத்தால் இறுகும். மேடை விளக்கு அணைந்ததும் நான் அவிழ்த்துவிடுவேன், அவர் எழும்பி எல்லோரோடும் வணங்குவார். ஒத்திகைகளில் ஒருமுறையும் பிசகவில்லை. வீட்டில் மட்டும் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. அம்மா பார்த்து அதிசயிக்கட்டும் என்றிருந்தேன்.

முதல் காட்சி, ஞாயிறு பின்னேரம். அம்மா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அரக்குச் சேலையில் மூன்றாவது வரிசையில். பக்கத்தில் அவ வேலை செய்கிற வீட்டு எசமானி, சின்யோரா. அந்தப் பக்கம் அப்பா, தன் சட்டைக் கையை அடிக்கடி முகர்ந்துபார்த்தபடி.

மேடையில் மதிலுடைச்சான் உட்கார்ந்திருந்தார். தோடம்பழம் உரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனிதர் தோடம்பழம் உரிப்பதை அப்படி நான் பார்த்ததே இல்லை. தோல் ஒரே சுருளாக, ஒரு வாழ்நாள் கழன்று விழுவதுபோல மெல்ல இறங்கியது. சுருள் தரையைத் தொட்டபோது அவருடைய தலை சாய்ந்தது. அரங்கம் மூச்சுவிடவில்லை. அவர் கேட்ட அமைதி வந்து, நனைந்த துணிபோல எல்லோர் மேலும் விழுந்து மூடியது. கிடத்தினோம். கண்ணை மூடினார்கள். விளக்கு வைத்தார்கள். நான் கனவில் நடப்பதுபோலக் கால்மாட்டுக்குப் போய், விரல்களைச் சேர்த்து, துணியைச் சுற்றி, முடிச்சைப் போட்டேன்.

“எடியே!”

மூன்றாவது வரிசை.

“உயிரோடை இருக்கிற மனுசனடி! என்னடி செய்யிறாய்? அவிழடி! அவிழடி உடனை!”

அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் தலையில் அடித்தா. புரியாத மொழியில் எழுந்த அந்த ஓலம் நாடகத்தின் பகுதி என்று இத்தாலியர்கள் நினைத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் விம்மி அழுதார். லோரேதானாவும் அப்படித்தான் நினைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன், அம்மாவுக்குத் தான் அதை எப்போது சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் அவருக்கு நினைவுவரவில்லையாம்.

எனக்கு மட்டும் அது நாடகமில்லை. அம்மா அந்தக் குரலில் ‘உடனை’ என்றால் என் கை மூளையிடம் கேட்காது. துணியின் நுனியைப் பிடித்து முழுப்பலத்தோடு இழுத்தேன்.

மற்ற நுனி.

விளக்கு அணைந்தது. இருட்டில் தடவினேன். முடிச்சு புளியங்கொட்டைபோல இறுகிக் கிடந்தது. “பொறுங்கோ, எழும்பாதேங்கோ” என்று கிசுகிசுத்தேன், தமிழில். இத்தாலியன், ஆங்கிலம், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எல்லாம் எனக்குத் தெரியும். ஆபத்தில் ஒன்றும் வரவில்லை.

விளக்கு வந்தது. அவர் எழுந்தார். ஒரு கணம் அழகாக, நிமிர்ந்து நின்றார். பிறகு ஒரு காலை முன்னே வைக்க முயன்றார்.

ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் சாக்கோட்டம் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு துள்ளல். இன்னொரு துள்ளல். கைகள் காற்றில் எதையோ தேடின. மொரீசியஸ் அண்ணா பிடிக்கப் போய், பிடிக்காமல் தள்ளிவிட்டார். மதிலுடைச்சான் அப்படியே பக்கவாட்டாகப் பறந்து, வெள்ளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனார். அந்தப் பக்கம் தச்சரின் ஏணி நின்றது. ஏணியில் மூக்கு.

சுவரில் ஆள் வடிவத்தில் ஒரு ஓட்டை. அதனூடாக ரெஜிபோம் துகள் பனிபோல எங்கள் மேல் மெல்லப் பொழிந்தது. பலெர்மோவில் பனி பெய்வதே அபூர்வம். அவ்வளவு அவலத்திலும், வடிவாக இருக்கிறதே என்று ஒரு யோசனை எனக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நொடி அரங்கமே எழுந்தது. விசில், கால் தட்டல், ‘பிராவோ’. சிறுவயதிலிருந்து அவருடைய படம் பார்த்தவர்கள் அல்லவா! சாகவில்லை, மதிலை உடைத்துவிட்டார் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஓட்டைக்குள்ளே எட்டிப்பார்த்தேன். தரையில் இருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வலியைவிட அந்தச் சத்தம்தான் அவருக்கு அதிகம் நொந்தது என்பது முகத்தில் தெரிந்தது. முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அரங்குக்குப் போனா. கைப்பைக்குள் உப்பு, செத்தல் மிளகாய், திருநீறு.

“நீ செய்துவைச்ச தரித்திரத்துக்கு நான்தானே கழிக்கவேணும்!”

அவர் மூக்கில் பெரிய கட்டோடு உடைமாற்றும் அறையில் இருந்தார். அரங்கின் முகாமையாளர் அப்போதுதான் வெளியே போயிருந்தார். இனி ஒவ்வொரு காட்சியிலும் சுவரை உடைக்க வேண்டுமாம். காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். வாசலில் புதிய ரெஜிபோம் பலகைகள் வந்து அடுக்கிக் கிடந்தன.

“பாத்தியாம்மா,” என்றார். “இவ்வளவு தூரம் வந்தும் மறுபடி சுவருதான்.”

நான் அழத் தொடங்கினேன். அம்மா அதைக் கவனிக்காமல், உப்பையும் மிளகாயையும் கையில் பொத்தி அவருடைய தலையை மூன்று தரம் சுற்றினா. அவர் திருப்பி அடிக்கவில்லை. சுற்றி முடிந்ததும், செத்தவர்களின் காலை ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

“கால் விரிஞ்சு போகாமல் இருக்கிறதுக்குத்தான் கட்டுறது. எழும்பி நடந்து வந்திடப்படாது எண்டும் சனம் சொல்லும்” என்றா அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார், மூக்கு வலித்ததும் நிறுத்தினார். பிறகு நெடுநேரம் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இன்னிக்கு நல்லா இறுக்கிக் கட்டு. யாரு கூப்பிட்டாலும் நான் எழுந்திருக்கக் கூடாது.”

“என்னவாம்?” என்றா அம்மா.

“இண்டைக்கும் கட்டட்டாம்.”

“ஐயோ, ஏணி அடிச்சதிலை மனுசனுக்கு மூளை கலங்கிப்போச்சு.”

“இல்லையம்மா. அவரை ஒருத்தரும் ஒரு படத்திலையும் சாக விடேல்லையாம். ஒருக்காலாவது அரவமில்லாமல் கிடக்க ஆசையாம்.”

 அம்மா கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தா.

“எனக்கும் உந்த ஆசை கிடக்குதுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கண்மூடிக் கிடக்க விடுறியளோ? நீ ஒரு பக்கம், உன்ரை அப்பா ஒரு பக்கம், சின்யோரா போனிலை. சரி, கட்டு. ஆனா அவிழ்க்கிறது நான். திருநீறும் பூசித்தான் எழுப்புவன். அதைச் சொல்லு.”

சொன்னேன். ஒப்பந்தம் முடிந்தது. தன் வாழ்க்கையிலேயே தனக்குப் பிடித்த ஒப்பந்தம் இதுதான் என்றார்.

அன்று பின்னேரம் அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. சின்யோராகூட மறுபடி வந்திருந்தார், மதிலைப் பார்க்க. தோடம்பழம் உரிந்தது. தலை சாய்ந்தது. கட்டினேன், இந்த முறை இரண்டு நுனியையும் இழுத்து. விளக்கு அணைந்து வந்தது. நாங்கள் வரிசையாக நின்று வணங்கினோம். அவர் கிடந்தார்.

கைதட்டினார்கள். கிடந்தார். விசிலடித்தார்கள். ‘மூரோ! மூரோ!’ என்று சுவரைக் கேட்டுக் கத்தினார்கள். கைத்தொலைபேசிகள் எல்லாம் மேலே உயர்ந்து காத்திருந்தன. திரைக்குப் பக்கத்தில் முகாமையாளர் எழும்பச்சொல்லிக் கையைக் காலை ஆட்டினார். அவர் கிடந்தார். தூசிக்குள்ளிருந்து அந்தக் கை எழும்பவில்லை.

மெல்ல மெல்லக் கைதட்டல் தேய்ந்தது. தொலைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அமைதி வந்தது. முதல்நாள் வந்ததைவிடப் பெரியது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்தது. பின்வரிசையில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, குதிக்கால் நிலத்தில் படாமல் வெளியே போனார். அவருக்குப் பின்னால் எல்லோரும் அப்படியே போனார்கள். சாவீட்டிலிருந்து போகிறவர்கள்போல, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

அரங்கம் வெறுமையானதும் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினா. குனிந்து, கத்தரிக்கோல் இல்லாமல், நகத்தாலேயே அந்த முடிச்சை மெல்ல மெல்லக் கிளப்பி அவிழ்த்தா. நெற்றியில் திருநீற்றைப் பூசினா.

“எழும்புங்கோ அண்ணை. எல்லாரும் போயிட்டினம்.”

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். அதை மட்டும் என் நினைவு மாற்றவில்லை. அந்த மெல்லிய கீச்சுக் குரலில், அவருடைய சொந்தக் குரலில்தான் இன்றும் கேட்கிறது.

“என்ன கேக்கிறார்?” என்றா அம்மா.

“நல்லாச் செத்தனோ எண்டு கேக்கிறார்.”

அம்மா அவருடைய தோளில் முதல்நாளிலிருந்து ஒட்டியிருந்த ரெஜிபோம் துகளைத் தட்டிவிட்டா.

“நல்ல வடிவாச் செத்தீங்கள் எண்டு சொல்லு.”

மிச்சக் காட்சிகள் எல்லாம் அப்படியே நடந்தன. உடைபடாத ரெஜிபோம் பலகைகளை அப்பா கேட்டு வாங்கி, கடையில் கணவாய்க்குக் குளிர்ப்பெட்டி செய்தார். (நாடகத்தில் ஒன்றும் வராது என்று யார் சொன்னது?) நான் நடிகையாகவில்லை. பொருளாதாரம் என்னை விடவில்லை. சப்பாத்து நாடா கட்டும்போது எங்கள் வீட்டில் யாரும் என் பக்கம் காலை நீட்டுவதுமில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் நீட்டி நிமிர்ந்து கிடப்பா. உயிரோடு இருக்கிறாவா என்று நான் கிட்டப் போனால், கண்ணைத் திறக்காமல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற சென்னைக் குரலில், “நான் இன்னும் சாகலடா” என்பா. இடைக்கிடை சின்யோரா போன் எடுப்பார், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், ஒரு நடை வந்துபோக முடியுமா என்று. அப்பா தன் கணவாய் இத்தாலியனில் ஒரே பதில்தான் சொல்லுவார்.

“வரமுடியாது சின்யோரா. கால் கட்டியிருக்கு.”

அன்று அரங்கிலிருந்து சத்தமில்லாமல் போனவர்களில் சின்யோராவும் ஒருவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். குதிக்கால் படாமல் நடக்கிறவர்போல, போனை மெதுவாக வைத்துவிடுவார்.